நான் வரைந்த எல்லை

அவள் அந்தப் படத்தை வெட்டி எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. கிழமையும் மணியும் இத்தனை வருஷம் கழித்து எப்படி ஞாபகம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். வயிறு எரிந்தவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. புதுச்சேரியில், சாரம் பகுதியில் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். கம்ப்யூட்டரில் மேப் போட்டுக் கொடுக்கிற வேலை. கீழே மில் ஓடும்போது மேலே மானிட்டர் லேசாக நடுங்கும், மத்தியானத்துக்குள் விசைப்பலகை மேல் மிளகாய்த்தூள் நெடி ஏறிவிடும். நாங்கள் மூன்றே பேர். கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே தொழில் தொடங்கிய முதலாளி, நான்கு வருஷமாக அவரிடம் குப்பை கொட்டிக்கொண்டிருந்த நான், மூன்று மாதத்துக்கு முன் வந்து சேர்ந்த அவள்.

அவள் சேலத்துப் பெண். முத்தியால்பேட்டையில் வாக்கப்பட்டு வந்தவள். செயற்கைக்கோள் படங்களைப் பற்றியே எம்.எஸ்ஸி. படித்தவள். நான் லாஸ்பேட்டை கல்லூரியில் பி.ஏ. வரலாறு, மவுஸ் பிடிக்கவே இந்த ஆபீஸில்தான் கற்றுக்கொண்டேன். என்னைவிட நான்கு வயது சின்னவள். நிறம், முடி, இங்கிலீஷ் எல்லாவற்றிலும் என்னைவிட ஒரு பிடி கூட. டிபன் பாக்ஸ்கூட அவளுடையது மூன்று அடுக்கு. மாமியார் கட்டிக் கொடுப்பாராம். எந்த ஊரில் மாமியார் மருமகளுக்கு மூன்று அடுக்கு கட்டிக் கொடுக்கிறாள், சொல்லுங்கள்! அந்த டிபன் பாக்ஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது எங்களுக்கு வந்திருந்த வேலை ஓர் அரசுத் துறையினுடையது. வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்று சிடியில் வந்திருந்தது. அதில் புதுச்சேரி இருக்கும், சுற்றியுள்ள தமிழ்நாட்டு வயல் இருக்கும், கிழக்கே கடல் இருக்கும், எல்லாம் ஒரே பெரிய சதுரமாக. அவர்களுக்கு வேண்டியது புதுச்சேரி மட்டும். மற்றதெல்லாம் வெள்ளையாகப் போய்விட வேண்டும். அதற்கு எல்லைக்கோட்டை அந்தப் படத்தின் மேல் வைத்து வெட்ட வேண்டும். சோமாசி மாவைக் கரண்டியால் ஓரம் வெட்டுகிற மாதிரிதான். கோடு எப்படிப் போகிறதோ படம் அப்படி வரும்.

அந்தக் கோடு என்னுடையது. எட்டு மாதம் உட்கார்ந்து நான் வரைந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழைய தாள்களை ஸ்கேன் செய்து கொடுத்திருந்தார்கள். வாய்க்கால், வரப்பு, எல்லைக்கல் எல்லாம் கையால் வரைந்து, ஊர்ப் பெயர்களை அவன் வாய்க்கு வந்தபடி எழுதிவைத்த தாள்கள். அதன் மேல் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கிளிக், கிளிக், கிளிக். வலது மணிக்கட்டு வீங்கி, தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் வந்து மறுபடியும் கிளிக். புதுச்சேரி எல்லை நேர்கோடு இல்லை என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் இரண்டு முறை தமிழ்நாடு வந்து போகும். எங்கள் ஊர் ஆம்பிளைகள் சாயங்காலமானால் வாய்க்காலைத் தாண்டி அந்தாண்ட புதுச்சேரியில் குடித்துவிட்டு, இந்தாண்ட தமிழ்நாட்டில் வந்து விழுவார்கள். அந்த வாய்க்காலையும் நான்தான் வரைந்தேன்.

அந்த மேப்போடு ஒரு வேலையும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துறையில் புதிதாக மேப் பிரிவு தொடங்குகிறார்கள், ஒரே ஓர் ஆளை எடுக்கப்போகிறார்கள் என்று சேதி. முதலாளி எங்கள் இருவரிடமும் விண்ணப்பம் எழுதி வாங்கித் துறையில் கொடுத்திருந்தார். "படத்தை யார் முடிச்சுப் போடறீங்களோ அவங்க பேரை நான் சொல்றேனுங்க" என்றார். ஒரு நிபந்தனை உண்டு: ஆள் புதுச்சேரியில் குடியிருப்பவராக இருக்க வேண்டும்.

நான் புதுச்சேரி இல்லை. வாய்க்காலுக்கு இந்தாண்ட. ஆனால் எங்கள் பக்கத்தில் அதற்கெல்லாம் யாரும் மலைப்பதில்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அத்தை வீட்டு ரேஷன் கார்டில் என் பெயர் கல்லூரியில் சேர்ந்த வருஷமே ஏறிவிட்டது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இப்படி அந்தாண்ட ஓர் அட்டை, இந்தாண்ட ஓர் அட்டை. அம்மா சொன்னாள்: "இன்னாடி யோசிக்கற? அத்தை ஊட்டு அட்ரஸைப் போட்டுக் குடு. யார் வந்து எட்டிப் பாக்கப் போறான்?" நானும் போட்டேன். பஞ்சாலை மூடியதிலிருந்து அப்பா வாசலில் பீடியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். "எம் பொண்ணு கவர்மென்ட்ல" என்று ஒரு தடவையாவது அவர் நான்கு பேரிடம் சொல்ல வேண்டும். எனக்கு அந்த வேலை வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

முதலில் வெட்டப்போனது நான்தான். எல்லையைத் தேர்ந்தெடுத்தேன், படத்தைத் தேர்ந்தெடுத்தேன், வெட்டு என்று சொன்னேன். பச்சைக் கோடு நிதானமாக நூறு வரைக்கும் ஓடியது. திறந்து பார்த்தால் கறுப்பு. முழுக்கக் கறுப்பு. ஒரு வயல் இல்லை, ஒரு வீடு இல்லை. மறுபடியும் செய்தேன். கறுப்பு. ஃபைல் பெயரில் இடைவெளி இருந்தால் ஆகாது என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து பெயரை மாற்றினேன். படத்தைச் சின்னதாக்கினேன். வேறு டிரைவில் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்து, பத்து நிமிஷம் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து போட்டேன். கடைசியில் விபூதிகூட வைத்தேன், மானிட்டருக்கு. இரண்டு நாள். அதே கறுப்பு.

மூன்றாம் நாள் அந்தச் செவ்வாய்க்கிழமை. முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அவங்களைக் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க" என்றார். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். என் நாற்காலி! இரண்டு ஃபைலையும் திறந்து, எதையோ கிளிக் பண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, படம் மீட்டர் கணக்குல இருக்கு. உங்க எல்லை டிகிரி கணக்குல இருக்கு. சாஃப்ட்வேர் ரெண்டையும் வேற வேற இடத்துல வெச்சுப் பாக்குது. வெட்டற இடத்துல படமே இல்லக்கா, அதான் கறுப்பா வருது."

எல்லையை மீட்டருக்கு மாற்றினாள். வெட்டு என்றாள். பச்சைக் கோடு ஓடியது. திறந்தது புதுச்சேரி, கடற்கரையோடு, ஏரியோடு, பளிச்சென்று. வெளியே கறுப்பாக இருந்ததை இன்னொரு கிளிக்கில் வெள்ளையாக்கினாள். மொத்தம் அரை மணி நேரம். முதலாளி கீழே இறங்கிப்போய் பப்ஸ் வாங்கி வந்தார். அவளுக்கு இரண்டு, எனக்கு ஒன்று. அவள் தன்னுடையதில் ஒன்றை என் பக்கம் தள்ளினாள். "வேணாம், எனக்கு ஆகாது" என்றேன். நான் ஒரே மூச்சில் நான்கு தின்பவள்.

அப்போதுதான் அவள் படத்தைப் பெரிதாக்கி, "அய்யோ, ஓட்டை" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். புதுச்சேரியின் பெரிய துண்டுக்கு நடுவே நான்கு இடத்தில் வெள்ளையாக இருந்தது. ஒன்று கொஞ்சம் பெரியது, மூன்று சின்னவை. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது ஓட்டை இல்லை, தமிழ்நாடு. புதுச்சேரிக்கு நடுவே நான்கு புறமும் புதுச்சேரி சூழ உட்கார்ந்திருக்கும் தமிழ்நாட்டு ஊர்கள். அந்தப் பெரிய வெள்ளைக்குள்தான் எங்கள் வீடு இருக்கிறது.

அவளுக்கு அது தெரியவில்லை. புதுச்சேரி துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் என்று பாடத்தில் படித்திருந்தாள். துண்டுக்கு நடுவிலும் இன்னொரு மாநிலம் இருக்கும் என்று எந்தப் பாடத்தில் எழுதியிருக்கிறான்? அதெல்லாம் பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்குத் தெரிவது. அவள் முத்தியால்பேட்டையிலிருந்து சாரத்துக்குக் கணவனின் வண்டியில் வருகிறவள்.

புதன்கிழமை முழுக்க அவள் அந்த ஓட்டைகளோடு மல்லுக்கு நின்றாள். சொல்ல வேண்டுமே, வேலை தெரிந்தவள்தான். அந்த இடத்துப் புள்ளிகளைச் சாஃப்ட்வேர் காலி என்று நினைத்துக்கொண்டதோ என்று பார்த்தாள். வெட்டாத படத்தைத் திறந்து, அங்கே வயலும் வீடும் இருப்பதைப் பார்த்தாள். வேறு முறையில் வெட்டினாள். அதே நான்கு ஓட்டை. நான் பக்கத்து மேஜையில் வேறு ஏதோ வேலை செய்வதுபோல உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த வருஷத்திலேயே நான் சந்தோஷமாக இருந்த நாள் அதுதான்.

சாயங்காலம் அவள் என்னிடமே வந்து நின்றாள்.

"அக்கா, இந்த எல்லை நீங்க வரைஞ்சதுதானே? உள்ளுக்குள்ள நாலு கோடு தனியா சுத்தி மூடியிருக்கே. தெரிஞ்சுதான் வரைஞ்சீங்களா, இல்ல கைதவறி விழுந்துடுச்சா?"

கைதவறியாம்! மணிக்கட்டு வீங்க வரைந்தவளைப் பார்த்துக் கேட்கிறாள். ஒரு வார்த்தை போதும். 'அது எங்க ஊரும்மா' என்றால் முடிந்தது கதை. அவள் பிழைத்துக்கொள்வாள், மேப் சரியாக இருக்கும், அதை முடித்த பெயரும் அவளுக்கே போகும். என் வாய் வேறு மாதிரி திறந்தது.

"எட்டு மாசம் வரைஞ்சதும்மா. எங்க இன்னா விழுந்துதோ, எனக்கின்னா தெரியும்? நீங்கதான் படிச்சவங்க, பாத்து செய்யுங்க."

பார்த்துச் செய்தாள். உள்ளே இருந்த நான்கு கோடுகளையும் அழித்துவிட்டு மறுபடி வெட்டினாள். ஓட்டை அடைந்துவிட்டது. முதலாளி அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். "எட்டு மாசம் வரைஞ்சதுல நாலு ஓட்டை. ஒரே நாள்ல அடைச்சுப்போட்டாங்க பாருங்க" என்று போனில் யாரிடமோ சொன்னார், என் காதுபடவே. நான் வாயைத் திறக்கவில்லை. துறையில் இருப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள், மேப்பைப் பார்த்ததும் சிரிப்பார்கள், அவள் முகம் செத்துப்போகும், அப்போது நான் மெதுவாக என் பழைய எல்லையை எடுத்து நீட்டுவேன். இதுதான் என் திட்டம். அதை நினைத்து நினைத்து இரண்டு நாள் சோறே நன்றாக இறங்கியது.

பெரிய தாளில் அச்சாகி வந்த மேப்பை வெள்ளிக்கிழமை மேஜையில் விரித்தார்கள். யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் குனிந்து எங்கள் ஊரைத் தேடினேன். அந்தப் படத்தில் மரம் செடியெல்லாம் சிவப்பாகத் தெரியும், அதன் வழக்கம் அப்படி. ஏரிக்கரையைப் பிடித்து, பள்ளிக்கூடத்தைப் பிடித்து, பின்வாசல் வேப்பமரத்தின் சிவப்பைப் பிடித்தேன். அதை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் நான்கு புள்ளி. எங்கள் வீடு. மொத்தமே நான்கு புள்ளிதான். புதுச்சேரி என்று தலைப்புப் போட்ட மேப்பில் எங்கள் வீடு இருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் அழுகை வந்தது. உடனே, இதையும் அவள்தானே சேர்த்துப் போட்டாள் என்று கோபமும் வந்தது.

திங்கட்கிழமை மூன்று பேரும் துறைக்குப் போனோம். சுருட்டிய மேப்பைத் தூக்கி வந்தது நான். நீளமான மேஜையில் விரித்து, நான்கு முனைக்கும் பேப்பர் வெயிட் வைத்தோம். அதிகாரி நரைத்த மனிதர், மரியாதையாகப் பேசுகிறவர். காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம்தானாம். மேஜையின் ஓரத்தில் எங்கள் இரண்டு விண்ணப்பமும் ஒரே கோப்பில் இருந்தன. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேப்பைப் பார்த்தார். இப்போது சிரிப்பார், இப்போது கேட்பார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார்.

அவ்வளவுதான். ஓட்டை அடைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதலாளி சும்மா இருப்பாரா? அவளைக் கைகாட்டி, "எல்லையில கொஞ்சம் பிரச்சனை இருந்துச்சுங்க. நாலு ஓட்டை. இவங்கதான் சரிபண்ணிப்போட்டாங்க" என்றார். அதிகாரி அவளைப் பார்த்துத் தலையாட்டினார். "நீங்களே இங்க வந்துடுவீங்க போலிருக்கே" என்றார். அவள் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

திட்டமாவது மண்ணாவது!

"சார், அது தப்பு."

எல்லாரும் திரும்பினார்கள். நான் மேப்பில் விரலை வைத்தேன்.

"ஓட்டை இல்ல சார் அது. இந்த எடம் புதுச்சேரியே இல்ல, தமிழ்நாடு. இதோ இதுவும், இதுவும், இதுவும். நான் வரைஞ்சதுதான் சரி. இவங்க விவரம் தெரியாம அழிச்சுட்டாங்க."

"எப்படிம்மா இவ்ளோ உறுதியா சொல்றீங்க?"

"எங்க ஊரு சார்! எனக்குத் தெரியாதா? இது ஏரி, இது பள்ளிக்கூடம். இந்தா, இந்த நாலு புள்ளி இருக்கே, இதான் எங்க ஊடு. பொறந்ததுலேர்ந்து அங்கதான் இருக்கேன்."

சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். முதலாளி திருதிருவென்று விழித்தார். அதிகாரி மட்டும் என் விரல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பைத் திறந்தார். என் விண்ணப்பத்தைப் படித்தார். இரண்டாம் தரமும் படித்தார்.

"இதுல முத்தியால்பேட்டைன்னு போட்டிருக்கே?"

எனக்கு மேப்பிலிருந்து விரலை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. அப்போது அவள் பேசினாள்.

"சார், அக்காவோட சொந்தக்காரங்க வீடு எங்க தெருவுக்குப் பக்கத்துலதான். அக்கா பெரும்பாலும் அங்கதான் இருப்பாங்க. நான் தினம் பாக்கறேன்."

பொய். எனக்கு முத்தியால்பேட்டையில் சொந்தம் இருப்பதே அந்த நிமிஷம்தான் அவளுக்குத் தெரியும், அதுவும் ஊகம். ஒரு வார்த்தை சொல்லி நான் அவளைக் காப்பாற்றவில்லை. அவள் எனக்காக அரசாங்க மேஜைக்கு முன்னால் நின்று பொய் சொல்கிறாள். வேலை போனதுகூட எனக்குத் தாங்கும். அது தாங்கவில்லை. அந்த நல்ல மனசும் அவளுக்கே இருக்கிறதே என்று அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் பென்சிலை எடுத்து என் விரலைச் சுற்றி அச்சு மேப்பில் மெதுவாக ஒரு வட்டம் போட்டார்.

"எல்லையை நல்லா வரைஞ்சிருக்கீங்கம்மா. ஆனா நீங்க அதுக்கு வெளிய இருக்கீங்களே" என்றார்.

மேப்பைச் சரிசெய்து புதன்கிழமைக்குள் தர வேண்டும். ஆபீஸுக்கு வந்ததும் அவள் தன் நாற்காலியை எனக்கு இழுத்துப்போட்டாள்.

"அக்கா, என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். என்ன சொல்வது? உன் மூன்று அடுக்கு டிபன் பாக்ஸ்தான் காரணம் என்றா?

அந்த வேலை அவளுக்குத்தான் போனது. அடுத்த மாதமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா கடைசிவரைக்கும் பீடிக்கடையில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வருவது அந்தத் திங்கட்கிழமை மத்தியானம்தான்.

அவள் என் பழைய ஃபைலை, நான்கு கோடும் அழியாமல் இருந்ததைத் தேடி எடுத்தாள். மீட்டருக்கு மாற்றினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது, மானிட்டர் நடுங்கியது. வெட்டுவதற்கு முன்னால் அவளாகவே எங்கள் ஊர்ப் பக்கம் படத்தைப் பெரிதாக்கி வைத்தாள், அங்கே சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்கு. ஏரி, பள்ளிக்கூடம், வேப்பமரத்தின் சிவப்பு, நான்கு சாம்பல் புள்ளி. பச்சைக் கோடு ஓடி முடிந்தது. வெட்டிய படம் திறந்தது.

வாய்க்கால் வரைக்கும் புதுச்சேரி இருந்தது. அதற்கு இந்தாண்ட வெறும் வெள்ளை.

"சரியா வந்திருக்காக்கா?" என்று கேட்டாள்.

திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், வாய்க்கால் ஓரமாக ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை.

"சரியா வந்திருக்கு" என்றேன்.